ஓங்கிய கை

கை மேலேயே நிற்கிறது. இறங்க மாட்டேன் என்கிறது. ஊசி போட வசதியாக வலது கையைத் தூக்கித் தலைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார்கள், சொரிமுத்து வைத்தார். கை மரத்துப்போக அக்குளில் சுருக் சுருக்கென்று மூன்று குத்து. அப்புறம் சிஸ்டர் அந்தக் கையை இறக்கி, கட்டிலுக்குப் பக்கவாட்டில் நீட்டியிருந்த பலகையில் வைத்துத் துணியால் கட்டியதைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார். நடுவில் பச்சைத் துணித் திரை விழுந்தது, அவ்வளவுதான், கண் பார்த்ததைக் கை நம்பவில்லை. நான் இன்னும் மேலேதான் இருக்கேன், முழங்கை மடங்கி, உள்ளங்கை விரிஞ்சு, ஓங்கின மாதிரியே இருக்கேன் என்று அடம்பிடிக்கிறது. சவத்துக் கை. அறுபத்தொரு வயசில் சொந்தக் கையே பொய் சொன்னால் யாரிடம் போய் முறையிட? "சிஸ்டர், என் கை எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். ஜெசிந்தா சிஸ்டர் சிரித்தாள். "டாக்டரம்மாகிட்ட பத்திரமா இருக்கு தாத்தா. கண்ண மூடிட்டுப் படுங்க." தாத்தாவாம். இத்தனை வருஷம் அண்ணாச்சி, கண்டக்டர் அண்ணாச்சி என்றே கேட்டுப் பழகிய ஆளுக்கு அது ஒரு எரிச்சல். சரி, அது கிடக்கட்டும். ஓங்கின கை என்றால் அடுத்து இறங்கணும். இறங்கினால் தகரத்தில் படணும். பட்டால் டொம்மென்று ஒரு சத்தம் வரணும், வண்டி நிற்கணும், இல்லை கிளம்பணும். இது ஓங்கினபடியே நிற்கிறது. தும்மல் வந்து மூக்கிலேயே நின்றுகொள்ளுமே, அந்த அவஸ்தை.

திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் வளர்மதியின் குரல் மட்டும் வருகிறது. கத்திரி, பஞ்சு, இன்னும் கொஞ்சம் வெளிச்சம். சின்ன வயசு, முப்பத்தாறு முப்பத்தேழு இருக்கும், ஆனால் கையைத் தொட்டுப் பார்த்த விதத்திலேயே சொரிமுத்துவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. கடையத்தில் காட்டிய டாக்டர் இதைக் கழலை என்றார், சின்ன விஷயம், ஊசி போட்டுக் கீறி எடுத்துவிடலாம் என்றார். நல்ல வேளை, அன்றைக்கு அங்கே கரண்டு இல்லை. சுண்டு விரல் பக்கம், உள்ளங்கையின் அடிச் சதையில், பட்டாணி அளவு ஒரு புடைப்பு. போன மார்கழியில் பல் தேய்க்கப் பைப்பைத் திறந்தால் மோதிர விரல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போச்சு, அப்புறம் நீலம், அப்புறம் அப்படி ஒரு கடுப்பு. மாசி பிறக்கும்போது விரல் நுனியில் மிளகு அளவுக்குக் கறுப்பு. திருநெல்வேலிக்கு வந்து இந்த அம்மாவிடம் காட்டியபோதுதான் அந்தப் புடைப்பின் மேல் அவள் விரலை வைத்து, அய்யா, இது துடிக்குது பாருங்க என்றாள். ரத்தக் குழாய் அந்த இடத்தில் நைந்து பலூன் மாதிரி ஊதியிருக்கிறதாம். உள்ளே ரத்தம் கட்டி, அதிலிருந்து துணுக்குத் துணுக்காகக் கிளம்பிப் போய் விரலை அடைக்கிறதாம். கையில் இது வருவது ரொம்ப அபூர்வமாம். சொரிமுத்துவுக்கு அதெல்லாம் சொல்லவே வேண்டாம். டயரின் பக்கவாட்டில் கொப்புளம் விட்டால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் வேலை பார்த்தவனுக்குத் தெரியாதா? அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு, முன்கையிலிருந்து ஒரு ரத்த நரம்பை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். ஒட்டு பிடித்தால் விரல் தப்பிக்கும். பிடிக்காவிட்டால் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதிக்கு மேல் போகும். முகத்தைப் பார்த்து நேராகச் சொல்லிவிட்டாள், அதுவும் அவருக்குப் பிடித்திருந்தது. பயமா என்றால் பயம்தான். ஆனால் பெரிய பயம் விரலைப் பற்றியது இல்லை. அது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது.

பெஞ்சில் உட்கார்ந்திருப்பது மைதீன் பிச்சை. இருபத்தேழு வருஷம் சொரிமுத்து கண்டக்டராக நின்ற 'தேன்மொழி' பஸ்ஸை ஓட்டிய டிரைவர். ரவணசமுத்திரத்துக்காரன். சொரிமுத்துவின் மகன் சூரத்திலிருந்து ரயில் ஏறிவிட்டான், சாயங்காலம்தான் வந்து சேருவான், பெண்டாட்டி கோமதி போய்ச் சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, வேறு யார் இருக்கா? நான் இருக்கேம்லா, வாரும் வே, என்று காலையிலேயே சட்டை போட்டு வந்து நின்றான் மைதீன். காதில் அவன் மகள் வாங்கிக் கொடுத்த கேட்கும் மிஷின். அந்த மிஷின்தான் இப்போது வினை. போன வாரம் டாக்டரம்மா கேட்டாள், "உள்ளங்கையால எதையாவது ஓங்கி அடிக்கிற வேலையா அய்யா நீங்க பார்த்தது? சுத்தியல் மாதிரி கைய உபயோகிச்சா இப்படி வரும்." பக்கத்து நாற்காலியில் மைதீன், காதில் மிஷின். சொரிமுத்துவின் வாய் தானாகச் சொன்னது, "வாலிபால் ஆடுவேன்மா. சின்ன வயசுல. சர்வீஸ் எல்லாம் பலமா போடுவேன்." எங்கிருந்து வந்ததோ அந்த வாலிபால். வாழ்க்கையில் ஒரு பந்தைத் தொட்டிருப்பாரா? டாக்டரம்மா எழுதிக்கொண்டாள். மைதீன் கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். வெளியே வந்ததும், "நீரு எப்பம் வே வாலிபால் ஆடுனீரு?" என்று கேட்டான். "உம்மகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டா ஆடணும்?" என்று எரிந்து விழுந்ததும் அவன் விட்டுவிட்டான். விட்டுவிட்டான் என்றுதான் சொரிமுத்து நினைத்துக்கொண்டிருக்கிறார்.

என்ன வாசனை இது, மருந்தா, டெட்டாலா. டீசல் வாசனை இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். தேன்மொழிக்கு என்று ஒரு வாசனை உண்டு, டீசலும், மல்லிகைப்பூக் கூடையும், ஈரச் சாக்கும், காலை முதல் டிரிப்பில் மைதீன் கொளுத்தி வைக்கும் ஊதுபத்தியும் சேர்ந்த வாசனை. ஆறு பத்துக்கு அம்பாசமுத்திரம். ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம், கடையம், மத்தளம்பாறை, தென்காசி. ஐப்பசியில் கடையத்தைத் தாண்டினால் இடது பக்கம் மலை முழுக்க மேகம் இறங்கியிருக்கும். பின் படியில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, முகத்தில் சாரல் அடிக்க, வலது கை பஸ் தகரத்தின் மேல். யப்பா, அந்த இடத்துக்கு ஒரு ராஜா வந்து சிம்மாசனம் தாரேன் என்றாலும் மாற்றிக்கொண்டிருக்க மாட்டார். ஒரு தட்டு என்றால் நில். ரெண்டு தட்டு, போ. மூணு தட்டினால் பின்னாலேயே போட்டி வண்டி வருகிறது, மிதி. அதுபோக அவர்கள் ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்த இன்னொன்று, ரெண்டு தட்டி, கொஞ்சம் விட்டு ஒண்ணு: மத்தளம்பாறையில் வடை சூடாகப் போடுகிறார்கள், ரெண்டு நிமிஷம் நிறுத்து. ஜனங்களுக்கு ஒன்றும் புரியாது. ஏன் வே நிக்கிது என்று சத்தம் போடுவார்கள், ரேடியேட்டர் சூடாயிட்டு என்று மைதீன் முகம் மாறாமல் சொல்வான். வடையைத் தின்றுகொண்டே சொல்வான். முன்னால் அவன் முதுகு, பின்னால் இவர் குரல், நடுவில் அறுபது பேர். ஒரு நாளில் நேருக்கு நேர் பேசுவது பத்து வார்த்தை இருந்தால் அதிகம். மிச்சம் எல்லாம் தகரம்தான் பேசியது. பெண்டாட்டியிடம்கூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார், இப்போது நினைத்தால் அதுவும் ஒரு வருத்தம். கை மேலேயே நிற்கிறது, பாவி.

ஆனால் தகரம் முதலிலேயே பேசவில்லை. எட்டு வருஷம் விசில்தான், கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் பித்தளை விசில். அந்த வெள்ளிக்கிழமையை நினைக்க வேண்டாம் என்றாலும் நினைப்பு அங்கேதான் போய் இடிக்கிறது. ஆழ்வார்குறிச்சி ஸ்டாப்பில் வெற்றிலைக் கட்டோடு ஒரு பெரியம்மா இறங்குகிறாள், ஒரு கால் தரையில், ஒரு கால் படியில். வண்டி நகருது. சொரிமுத்து விசிலை ஊதுகிறார். நகருது. மறுபடி ஊதுகிறார், கன்னம் வலிக்க ஊதுகிறார், வண்டி பாட்டுக்குப் போகிறது. பெரியம்மா கட்டோடு சாய்கிறாள். எப்படி அடித்தார் என்று தெரியாது, கை தானாகப் போய்த் தகரத்தில் விழுந்தது, டொம் என்று, உள்ளங்கையே பிளந்துவிட்ட மாதிரி. வண்டி அந்த இடத்திலேயே நின்றது. பெரியம்மாவுக்கு முழங்கால் சிராய்ப்பு, வெற்றிலைதான் சேதம், உம்ம கண்ணுல கொள்ளி வைக்க என்று ஆசைதீரத் திட்டிவிட்டுப் போனாள். முன்னால் போய்ப் பார்த்தார். மைதீன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தில் ரத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தான். "விசில் ஊதுனீரா மாப்ள?" என்று கேட்டான். பொடிப் பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டான். பக்கத்திலேயே இன்ஜின், வருஷக் கணக்காக அதன் இரைச்சல், காது போய்க்கொண்டிருந்தது. சொரிமுத்துவுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. விசில் அவனுக்குள் போகவில்லை, அடி போகிறது. தகரம் வழியாக, சீட்டு வழியாக, கால் வழியாகப் போகிறது. "ஊதல மச்சான், மறந்துட்டேன். என் தப்புதான்" என்றார். மைதீனுக்கு அப்போது மூணு பிள்ளைகள், மூத்தவளுக்கு நிச்சயம் பேசி வைத்திருந்த நேரம். காது கேட்கவில்லை என்று முதலாளிக்குத் தெரிந்தால் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்புவார். அனுப்பத்தான் வேண்டும், நியாயமும் அதுதான். அறுபது உயிரை வைத்துக்கொண்டு செவிட்டு டிரைவரை ஓட்ட விடுவது எந்த ஊர் நியாயம்? அந்தக் கேள்வி அதற்கப்புறம் பத்தொன்பது வருஷமும் பின் படியில் சொரிமுத்துவோடு சேர்ந்து நின்றுகொண்டு வந்தது. அன்றைக்கே விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். நில்லுக்கும் போவுக்கும் ஓங்கி அடித்தார், ஒரு ஸ்டாப் தவறாமல், காய்ச்சல் நாளிலும், கோமதியை எரித்துவிட்டு வந்த பதினேழாம் நாளிலும். அவன் உடம்புக்குள் போகிற மாதிரி அடித்தார். அடித்துவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தால் விரல் எல்லாம் ஜிவ்வென்று இருக்கும். அவனுக்கு இது தெரியவே கூடாது. மாப்ளைக்குக் கை சும்மா இருக்காது, தகரத்தைத் தட்டுறதுல ஒரு சந்தோசம் என்று அவன் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலாளிக்கு அதில் வயிற்றெரிச்சல். பின் படிக்கு மேலே, ஜன்னலுக்குக் கீழே, ஒரு சாண் அளவுக்குப் பெயிண்டு போய் தகரம் பல்லை இளிக்கும். வருஷா வருஷம் பெயிண்டு அடிப்பார்கள், பொங்கலுக்குள் போய்விடும். "விசில் எதுக்கு வே குடுத்திருக்கு? ஊதவா, சட்டைப் பையில போட்டு வளக்கவா?" என்று டிப்போவில் எல்லோர் முன்னாலும் கேட்பார். அப்புறம் ஒரு நாள் காலையில் பார்த்தால் சரியாக அந்த இடத்தில் ஒரு ரப்பர். பழைய டியூபை நாலாக மடித்து, ஓரத்தில் நாலு ஆணி, பார்த்துப் பார்த்து அழகாக அடித்திருக்கிறது. பெயிண்டைக் காப்பாற்ற முதலாளி செய்த வேலை என்று சொரிமுத்துவுக்கு அப்படி ஒரு கோபம். தட்டிப் பார்த்தார். பொத் என்றது, சத்தம் உள்ளே போகவில்லை. இது மைதீனுக்கு எட்டுமா? ஸ்குரூ டிரைவரை வாங்கி நெம்பிப் பிய்த்து, ஆழ்வார்குறிச்சி ஆற்றுப் பாலத்தில் வண்டி போகும்போதே விட்டெறிந்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி ரப்பர், இந்தத் தடவை கொஞ்சம் மெல்லிசாக. அதையும் பிய்த்தார். கஞ்சப் பிசிநாறி, பெயிண்டு பெரிசா மனுஷ உயிர் பெரிசா என்று வாய்விட்டே திட்டினார். மூன்றாவது தடவை வைக்கவில்லை.

"அய்யா, முழிச்சிருக்கீங்களா?" திரைக்கு மேல் டாக்டரம்மாவின் கண்கள் மட்டும் தெரிந்தன. "இது வாலிபால் இல்லையே. குழாய் சுருள் சுருளா முறுக்கிக் கெடக்கு. பல வருஷம், தினமும் அடி வாங்கினாத்தான் இப்படி ஆகும். என்னதான் செஞ்சீங்க?" சொரிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். "வாலிபால்தாம்மா." டாக்டரம்மா பெருமூச்சு விட்டது துணியைத் தாண்டிக் கேட்டது. "ஜெசிந்தா, நெனச்சதவிட நீளமா வெட்டணும், இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். வெளிய இருக்கவர்கிட்ட சொல்லி ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாங்க. அப்படியே அய்யா என்ன வேலை பார்த்தாருன்னு கேளுங்க."

"வேண்டாம்மா!" என்று சொரிமுத்து கத்தியது அவருக்கே பலமாகக் கேட்டது. "அந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. காதும் சரியாக் கேக்காது." சிஸ்டர் அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு போயிருந்தாள். போச்சு. எல்லாம் போச்சு. மிஷின் வைத்தபின் எல்லாம் கேட்கிறதே அவனுக்கு, கொல்லையில் கோழி கிளறுவதுகூடக் கேக்கு மாப்ள என்று போன மாசம்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். முதல் முதலாக அதை மாட்டிக்கொண்டு வந்து நின்றபோது, எங்க, ஏதாவது பேசும் வே என்றான், தென்காசி தென்காசி என்று கூவிக் காட்டினார் சொரிமுத்து. உம்ம குரல் இப்படியா இருக்கும், நான் வேற மாதிரில்லா நெனச்சிருந்தேன் என்றான் மைதீன். அன்றைக்கு ரெண்டு பேரும் அப்படிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இனிமேல் வருமா? சிஸ்டர் கேட்பாள், உங்க கூட்டாளி எதை அடிச்சாரு? அவன் சொல்வான், தகரத்தை. ஏன் அடிச்சாரு? அங்கே நிற்பான். நின்று, ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பின்னால் போவான். ஆழ்வார்குறிச்சி வரைக்கும் போய், அந்த வெற்றிலைக்காரப் பெரியம்மாவிடம் போய் முட்டுவான். மறந்துட்டேன் என்று இவர் சொன்ன பொய் அங்கே கிடக்கும். என் காதுக்காகவா உன் கை போச்சு என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இந்த மனுஷனால் தாங்க முடியுமா? என்னால் தாங்க முடியுமா? விரல் போனால் போகட்டும், வலது கையால் சோறு பிசைய முடியாவிட்டால் ஸ்பூன் இருக்கிறது. மைதீன் முகம் அன்றைக்கு ஸ்டியரிங்கில் இருந்த மாதிரி மறுபடி ஆகக் கூடாது. கையை இறக்கி வையுங்களேன் யாராவது. மேலேயே நிற்கிறது, மேலேயே நிற்கிறது.

கதவு திறந்தது. சிஸ்டர் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்தான் முதலில் வந்தது. "கையெழுத்து வாங்கியாச்சு மேடம்" என்றாள். "அந்தப் பெரியவர் அழுதுட்டாரு. வாலிபாலும் இல்ல, ஒண்ணும் இல்லையாம். 'எனக்குக் காது கேக்காதும்மா. விசில் கேக்காது. நான் வண்டிய விட்டு இறங்கிரக் கூடாதுன்னு அவன் தகரத்துல அடிச்சு அடிச்சு வந்த வியாதி இது. அது எனக்கு மொதல்லயே தெரியும்'னு சொல்றாரு." சிஸ்டர் திரையைச் சுற்றி வந்து சொரிமுத்துவின் தலைமாட்டில் நின்றாள். "இன்னொண்ணும் சொன்னாரு தாத்தா. 'அவன் கை நோகுமேன்னு ரெண்டு தரம் டியூப் ரப்பர அடிச்சு வச்சேன். ரெண்டு தரமும் பிச்சு எறிஞ்சிட்டான் கிறுக்கன். மூணாவது தரம் வச்சா, ஏன்னு அவன்கிட்ட வாயத் தொறந்து சொல்லணும். சொன்னா வண்டிய விட்டு எறங்கணும். பிள்ளைகள நெனச்சுக்கிட்டுச் சொல்லாமலே இருந்துட்டேன். அவன் கைய வச்சுத்தான் என் பிள்ளைகள நான் கரையேத்துனேன்'னு."

சொரிமுத்துவுக்கு முதலில் விளங்கவே இல்லை. ரப்பரா. எந்த ரப்பர். அப்புறம் ஆற்றுப் பாலம் வந்தது, ரப்பர் காற்றில் சுழன்று போய்த் தண்ணீரில் விழுவது வந்தது. நாலு மூலைக்கு நாலு ஆணி. முதலாளி கையில் என்றைக்கு வே சுத்தியலைப் பார்த்தோம்? பெயிண்டுக்கு ரப்பர் வைக்கிறவன் இரண்டாம் தடவை மெல்லிசாக ஏன் வைக்கணும்? கையும் நோகாமல், சத்தமும் எட்டுகிற மாதிரி ஒருத்தன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். முதல் டிரிப்புக்கு முன்னால், ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்துவிட்டு, அந்தப் பெரிய உடம்போடு குனிந்து, அடிக்கிற இடத்தை விரலால் அளந்து பார்த்து. அன்றைக்குக் காலையில் அவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தானே, நான் நெம்புவதை, திட்டுவதை, வீசுவதை. கஞ்சப் பிசிநாறி என்றேனே. கேட்டிருக்காது, ஆனால் வாய் போன போக்கு தெரிந்திருக்குமே. அன்று சாயங்காலம் மத்தளம்பாறையில் நான் தட்டாமலே வண்டியை நிறுத்தி, ஒரு பொட்டலம் வடையை வாங்கி வந்து என் இடது கையில் கொடுத்தான். இடது கையில் ஏன் தாரீரு என்று நான் சண்டை பிடித்தேன். அட மைதீனு. மடப்பயலே. எனக்கும்தான் என்ன மூளை. பத்தொன்பது வருஷம் நீயும் பொத்தி வச்சு, நானும் பொத்தி வச்சு. ஒரு வார்த்தை பேசியிருந்தால் ரப்பர் இருந்திருக்கும், கை இருந்திருக்கும். வண்டி இருந்திருக்குமா? இருந்திருக்காது. அந்த மலையும் சாரலும் வடையும் இருந்திருக்காது. சொரிமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் இறங்கியது, துடைக்கலாம் என்றால் இடது கையில் குளுக்கோஸ் ஊசி, வலது கை மேலே நிற்கிறது. துடைக்காமலே விட்டார்.

எவ்வளவு நேரம் போனதோ. "ரத்தத்தப் பிடிச்சு வச்சிருக்க கிளிப்ப எடுக்கறேன்" என்றாள் டாக்டரம்மா. பேனா மாதிரி ஒரு மிஷினை எங்கேயோ வைத்தார்கள் போல, கரகர என்று ஒரு இரைச்சல், பழைய ரேடியோவில் ஸ்டேஷன் தேடுகிற இரைச்சல். சொரிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டார். இரைச்சலுக்குள்ளிருந்து மெல்ல ஒன்று கிளம்பியது. ஷுக். ஷுக். ஷுக். "கேக்குதா அய்யா? உங்க ரத்தம்தான். ஒட்டுல ஓடுது." மோதிர விரல் செவக்குது என்று யாரோ சொன்னார்கள். "நுனி கொஞ்சம் உரியலாம், மத்தபடி விரல் நிக்கும்னு நெனைக்கறேன். ரெண்டு நாள் பார்ப்போம். ஜெசிந்தா, வெளிய அவருக்குச் சொல்லிருங்க, பாவம்."

சிஸ்டர் போனாள். தகரம் அடித்த கதவு ஆடி ஆடி மூடியது. வராந்தாவில் அவள் ஏதோ பேசுவதும், ஒரு ஆண் குரல் ஒரே ஒரு தடவை என்னவோ கேட்பதும் மங்கலாகக் கேட்டன. அப்புறம் அந்தத் தகரக் கதவில் விழுந்தது, உள்ளங்கையால், ஓங்கி, நடுவில் சரியான இடைவெளி விட்டு. டொம். டொம். ரெண்டு தட்டு, போ. தட்டில் கத்திரிகள் அதிர்ந்தன. "ஆபரேஷன் தியேட்டருங்க! ஆஸ்பத்திரிய என்னன்னு நெனச்சீங்க?" என்று சிஸ்டர் சத்தம் போட்டாள். அந்த அதிர்வு சுவர் வழியாக வந்து, கட்டில் கால் வழியாக ஏறி, சொரிமுத்துவின் முதுகில் இறங்கியது. இப்படித்தான் இருந்திருக்குமா உனக்கு, மச்சான்?

சிஸ்டர் திரும்பி வந்து குனிந்து பார்த்தாள். "என்ன தாத்தா, முகமெல்லாம் தண்ணியா இருக்கு? வலிக்குதா?"

"இல்லம்மா" என்றார் சொரிமுத்து. "கை இறங்கிட்டு."